லயத்துக் கொல்லையில் ஒரு கோழி: தோட்ட வரலாற்றில் விடுபட்ட கணக்கு



சுங்காய் என்றதும் இன்று பலருக்கு நினைவுக்கு வருவது சுங்கை கிளா வெந்நீர் ஊற்று. அங்கே போகிறவர்கள் முட்டையை ஊற்றுநீரில் இறக்கி, அவித்துச் சாப்பிடுவார்கள். ஆனால் பீடோருக்கும் சிலிம் ரிவருக்கும் இடையிலுள்ள இந்த வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் முட்டைக்கு வேறொரு வரலாறு உண்டு. அங்கே அது குடும்பத்தின் சேமிப்பு.

முதலில் ஒரு கேள்வி: தோட்டத் தொழிலாளிக்கு எது சொந்தம்? நிலம் கம்பெனியுடையது. லயத்து வீடும் கம்பெனியுடையது. வேலை போனால் வீடும் போச்சு. கொல்லையில் மேய்ந்த ஆடு, மாடு, கோழியைத்தான் "இது என்னுடையது" என்று அவர் சொல்ல முடிந்தது. ஆடு, மாடு வாங்க முடியாத வீட்டிலும் கோழி இருந்தது.

சட்டமும் கூலியும்

1923ஆம் ஆண்டு தொழிலாளர் சட்டம், குடும்பத்தோடு வாழும் தொழிலாளிக்கு ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டும் என்றது. காய்கறி போடவோ கால்நடை மேய்க்கவோ அதைப் பயன்படுத்தலாம். கணக்குப் போட்டால் சுமார் 2,700 சதுர அடி. மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இது பயன்படுத்தும் உரிமை மட்டுமே, பட்டா கிடையாது.

கூலி எவ்வளவு? 1920களின் பிற்பகுதியில் முக்கியத் தோட்டப் பகுதிகளில் நிர்ணயிக்கப்பட்ட நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உலகப் பொருளாதார மந்தத்தால் 1930இல் அது 40 காசு, 32 காசு எனக் குறைந்தது. 1930 முதல் 1932 வரை ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானவர்கள் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். கூலி எப்போது குறையும், எப்போது கப்பல் ஏற்றுவார்கள் என்று தெரியாத வாழ்க்கையில், கொல்லையில் நாலு கோழி இருப்பது ஒரு தைரியம்.

பெண்ணின் கணக்கு

விடியுமுன் பிரட்டுக்குப் போய், பால் வெட்டி, மதியம் திரும்பும் பெண்ணுக்குக் கோழி அதிக வேலை வைப்பதில்லை. நொய், சோற்றுப் பருக்கை, புழு, கரையான் என்று தானே மேய்ந்துகொள்ளும். நாட்டுக்கோழி ஒரு சுற்றுக்குப் பத்து முதல் பதினைந்து முட்டை வரை இடும். அதை என்ன செய்வது? கடையில் கொடுத்து உப்பு, புளி வாங்கலாம். பிள்ளைக்கு அவித்துக் கொடுக்கலாம். அல்லது அடை வைத்து, 21 நாள் பொறுத்து, குஞ்சு எடுக்கலாம். விற்பதா, தின்பதா, பெருக்குவதா என்ற முடிவைப் பெரும்பாலும் வீட்டுப் பெண்தான் எடுத்தாள். பொருளியல் பாடத்தில் வரும் 'சேமிப்பும் முதலீடும்' இதுதானே!

வயதுக்கு வந்த பெண்ணுக்கு நல்லெண்ணெயோடு பச்சை முட்டை, பிள்ளை பெற்றவளுக்கு நாட்டுக்கோழிச் சாறு, முனீஸ்வரன் பூசைக்குச் சேவல். இந்தச் செலவுக்கெல்லாம் கடைக்காரரிடம் கடன் சொல்ல வேண்டியதில்லை.

போரும் நோயும்

1942 ஜனவரி 7இல், சுங்காய்க்குத் தெற்கே துரோலாக்கில் ஜப்பானிய டாங்கிகள் பிரிட்டிஷ் அணியை உடைத்துக்கொண்டு சென்றன. பிறகு வந்த மூன்றரை ஆண்டுகளில் ரப்பருக்குச் சந்தை இல்லை, அரிசிக்குத் தட்டுப்பாடு. தோட்டத்து ஆண்கள் பலர் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். வீட்டில் மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடு. கிழங்கில் மாவுச்சத்து உண்டு, புரதம் மிகக் குறைவு. அந்த நாளில் ஒரு முட்டைக்கு இருந்த மதிப்பை நினைத்துப் பாருங்கள்.

கோழிக்கும் ஆபத்து இருந்தது. 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் அடையாளம் காணப்பட்ட கோழிக் கழிச்சல் நோய் வந்தால் சில நாளில் கூடே காலியாகிவிடும். கொல்லையில் திரியும் கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போடுவது லேசான வேலையில்லை. 1980களில் செர்டாங்கிலிருந்த மலேசிய விவசாயப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆஸ்திரேலிய ஆய்வாளர்களோடு சேர்ந்து, வெப்பம் தாங்கும் வி4 தடுப்பு மருந்தைத் தீனியில் கலந்து கொடுக்கும் முறையை உருவாக்கினார்கள். கம்பத்துக் கோழிக்காக நம் நாட்டில் நடந்த இந்த ஆய்வை அறிவியல் ஆசிரியர்கள் வகுப்பில் சொல்லலாம்.

எண்ணப்படாத கொல்லை

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சில தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாயின. லயத்தை விட்டு வெளியேறிய குடும்பத்துக்கு என்ன கிடைத்தது? 1980ஆம் ஆண்டு பணிநீக்க நலன் விதிமுறைப்படி, ஐந்தாண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் என்ற கணக்கு. வேலை செய்த ஆண்டும் சம்பளமும் எண்ணப்பட்டன. கொல்லை எண்ணப்படவில்லை. அடுக்குமாடி வீட்டில் கோழிக்கு ஏது இடம்? அதுவரை வீட்டிலேயே கிடைத்த முட்டையைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. 2025 ஆகஸ்டு 1 முதல் முட்டைக்கான அரசு உதவித்தொகையும் விலைக் கட்டுப்பாடும் நீங்கிய பிறகு, அந்த இழப்பு இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

ஆகவே, தோட்டத் துண்டாடலைப் பற்றிக் கட்டுரை எழுதும் மாணவர்கள் 'வேலையும் வீடும் போயின' என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். கூலிக்கு வெளியே குடும்பம் தானே கட்டி வைத்திருந்த ஒரு சிறு பொருளாதாரமும் போயிற்று என்று எழுதுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். தோட்டத்தில் வாழ்ந்த பாட்டிமார்களிடம் மாணவர்கள் மூன்று கேள்வி கேட்டு வரட்டும்: எத்தனை கோழி வளர்த்தீங்க? முட்டைக் காசை என்ன செஞ்சீங்க? தோட்டத்தை விட்டு வரும்போது கோழிகளை என்ன பண்ணீங்க? பதிலை அவர்கள் சொன்னபடியே, பேச்சுவழக்கிலேயே எழுதி, தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் குறித்து வையுங்கள். கம்பெனிப் பதிவேட்டில் இந்தக் கணக்கு இல்லை. அவர்கள் நினைவில்தான் இருக்கிறது. தள்ளிப்போட வேண்டாம்.