ஊருக்கு வெளியே என்றால் ஆற்றங்கரை: பாலாறு சொல்லும் பாடம்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பக்கத்தில் ஒரு டம்ளர் காபி வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

"நோய் எதனால் வருகிறது?" என்று வகுப்பில் கேட்டால் கிருமி, கொசு, அசுத்தமான தண்ணீர் என்று வரிசையாகப் பதில் வரும். மூன்றும் சரிதான், மதிப்பெண் போட்டுவிடுவேன். ஆனால் அந்தத் தண்ணீர் எப்படி அசுத்தமானது என்று ஒரு படி பின்னால் போனால், பல நேரம் ஒரு வரைபடத்திலோ அரசாணையிலோ போய் நிற்போம். எந்தத் தொழிற்சாலை எங்கே இருக்கலாம், எங்கே இருக்கக் கூடாது என்று யாரோ ஒரு காலத்தில் முடிவு செய்திருப்பார்கள். அல்லது முடிவு செய்யாமல் விட்டிருப்பார்கள். பத்து இருபது வருடம் கழித்து அது நம் கிணற்றில் தெரியும். இதற்குப் பாலாற்றைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் கொஞ்சம் பழைய சரித்திரம். தொழிலுக்கும் வீட்டுக்கும் நடுவே கோடு போட வேண்டும் என்ற எண்ணம் ஐரோப்பாவில் மூக்கிலிருந்து பிறந்தது. 1810இல் பிரான்சில் நெப்போலியன் ஓர் ஆணை போட்டார். துர்நாற்றமும் இடைஞ்சலும் தரும் தொழில்களை அது மூன்று வகையாகப் பிரித்தது. முதல் வகைத் தொழில்கள் குடியிருப்பை விட்டு விலகித்தான் இருக்க வேண்டும். கிருமி என்ற ஒன்றை மருத்துவர்கள் அறியாத காலம் அது. கெட்ட காற்றுதான் நோய்க்குக் காரணம் என்று நம்பினார்கள். நாற்றம் எட்டாத தூரத்தில் தொழிற்சாலை இருந்தால் ஆரோக்கியம் என்பது அன்றைய கணக்கு.

அதே எண்ணம் ஆங்கிலேயர் வழியாக நம்மிடமும் வந்தது. 1920இல் சென்னை மாகாணத்தில் நகரமைப்புச் சட்டம் வந்தது. அதே ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம், ஆபத்தான, அருவருப்பான தொழில்களை உரிமம் இல்லாமல் நடத்தக் கூடாது என்றது. 1939இல் பொதுச் சுகாதாரத்துக்கென்றே சென்னை மாகாணம் தனிச் சட்டம் கொண்டுவந்தது. இந்தியாவிலேயே அப்படி முதலில் செய்தது நாம்தான். பெருமைப்படலாம்.

இப்போது டேனரிக்கு வருவோம். தோல் பதனிடும் இடத்தில் நாற்றம் இருக்கும், ஆகவே அது ஊருக்கு வெளியே. அந்தத் தொழிலுக்குத் தண்ணீர் ஏராளமாக வேண்டும், ஆகவே ஆற்றங்கரையில். ஊருக்கு வெளியே, ஆற்றை ஒட்டி என்ற இடம் இப்படித்தான் அமைந்தது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகை முழுக்க டேனரிகள் வந்தன. மூக்கைக் காப்பாற்றியாயிற்று. தண்ணீரைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

பாலாற்றின் குணம் உங்களுக்குத் தெரியும். நந்தி மலையில் பிறந்து, ஆந்திராவைத் தொட்டு, நம் பக்கம் வந்து, வயலூர் அருகே கடலில் சேர்கிறது. வருடத்தில் பெரும்பாலான நாள் மேலே மணல்தான். தண்ணீர் மணலுக்கு அடியில் ஓடும். ஆற்றில் கையால் ஊற்று தோண்டினால் சுரக்கும். கரையோரக் கிணறுகளும் ஊற்றுக் கால்வாய்களும் அந்த நீரை நம்பியே இருந்தன. இப்படிப்பட்ட ஆற்றில் கழிவை விட்டால் அது அடித்துக்கொண்டு போகாது. மணலில் இறங்கும், பக்கத்துக் கிணற்றில் ஏறும்.

ஆரம்பத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும்தான் தோல் பதனிடும் பொருள்கள். நாள் கணக்கில் ஊற வேண்டும். கழிவு கறுப்பாக இருக்கும், நாறும், ஆனால் பெரும்பகுதி மக்கிப் போகும். 1970களின் தொடக்கத்தில் மத்திய அரசு, பச்சைத் தோலையும் பாதி பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தி, முழுவதும் பதனிட்டு அனுப்புங்கள் என்றது. வேலைவாய்ப்பு, அந்நியச் செலாவணி இரண்டுக்கும் நல்ல கொள்கை. கூடவே குரோமியம் கலந்த உப்புகளைக் கொண்டு விரைவாகப் பதனிடும் முறை பரவியது. நூற்றுக்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் உள்ளே வந்தன. தோல் அழுகாமலிருக்கத் தடவிய சாதாரண உப்பும் மூட்டை மூட்டையாகக் கழுவப்பட்டு வெளியேறியது. ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர் என்று பின்னாளில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் ஒரு கணக்கு வந்தது. நூறு கிலோவுக்கு எவ்வளவு என்று மனக்கணக்குப் போட்டுப் பாருங்கள்.

தொழில் இப்படி மாறியபோது இடம் பற்றிய விதி மாறவில்லை. தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974இல் வந்தது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982இல் அமைந்தது. கடைசியாக 1989 மார்ச் 30 அன்று தமிழக அரசு, அரசாணை எண் 213ஐப் பிறப்பித்தது. கடுமையாக மாசுபடுத்தும் தொழிற்சாலைகளை ஆறு, ஓடை, அணை போன்றவற்றின் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் அனுமதிக்கக் கூடாது என்பது அதன் சாரம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பழைய கோடு வீட்டிலிருந்து அளந்தது. புதிய கோடு ஆற்றிலிருந்து அளந்தது. மூக்கால் அளந்த ஆரோக்கியத்தைத் தண்ணீரால் அளக்கத் தொடங்கினோம் என்பதே இதன் பொருள். ஆனால் கோடு வரைந்தபோது அதற்குள்ளே ஏற்கெனவே நூற்றுக்கணக்கான டேனரிகள் நின்றுகொண்டிருந்தன! புதிதாக வருபவரைத் தடுக்க அந்த ஆணை போதும். ஏற்கெனவே இருப்பவரை என்ன செய்வது?

இந்தக் கேள்விதான் 1991இல் உச்ச நீதிமன்றம் போனது. வழக்குத் தொடுத்தது வேலூர் குடிமக்கள் நலமன்றம். 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. இன்றும் இந்தியாவில் சட்டம் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் படிக்கும் தீர்ப்பு இது. அன்றைய மாவட்டப் பெயர்கள் நினைவிருக்கிறதா? வட ஆற்காடு அம்பேத்கர், ஈரோடு பெரியார், திண்டுக்கல் அண்ணா, திருச்சி, செங்கை எம்.ஜி.ஆர். இந்த ஐந்திலும் சேர்த்து 900க்கு மேற்பட்ட டேனரிகள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் செய்த ஆய்வின்படி, டேனரிப் பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பயிருக்கு உதவாமல் போயிருந்தது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் எடுத்த கணக்கில், 467 கிணறுகளில் 350 கெட்டிருந்தன. பெண்களும் குழந்தைகளும் குடிநீருக்காக மைல் கணக்கில் நடப்பதாகவும் தீர்ப்பு சொல்கிறது. நான்கு கிணற்றில் மூன்று போனால் அந்த வீட்டுப் பெண் குழந்தை பள்ளிக்கு எத்தனை மணிக்கு வரும் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும்.

அந்தத் தீர்ப்பு இரண்டு கொள்கைகளை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. ஒன்று, கேடு வரும் என்ற நியாயமான சந்தேகம் இருந்தாலே முன்கூட்டித் தடுக்க வேண்டும். முழு நிரூபணம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இரண்டு, கெடுத்தவரே நட்ட ஈடும் கொடுத்து, கெட்டதைச் சீர்செய்யும் செலவையும் ஏற்க வேண்டும். டேனரி ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. அரசாணை 213ஐ உடனே நடைமுறைப்படுத்தச் சொன்னது. தடை எல்லைக்குள் ஏற்கெனவே இருப்பவற்றை இடம் மாற்றும் அதிகாரத்தையும் புதிதாக அமைக்கும் ஓர் ஆணையத்துக்குக் கொடுத்தது.

பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். டேனரிகளை இடம் மாற்றுவதைவிட, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டுவதே பெருவழியானது. அவற்றால் நன்மை உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் கரைந்த உப்பு சாதாரணச் சுத்திகரிப்பில் போகாது. அதை நீக்கத் தனி இயந்திரங்கள் வேண்டும், செலவு அதிகம். நட்ட ஈட்டை 2001இல் ஆணையம் நிர்ணயித்தது: 29,193 பேருக்குச் சுமார் 26 கோடியே 82 லட்சம் ரூபாய். வகுத்துப் பாருங்கள். தலைக்குச் சராசரியாக 9,200 ரூபாய்க்குள்தான் வரும். கிணறும் நிலமும் போனதற்கு! அந்தத் தொகையிலும் பாக்கி இருந்தது என்பதால், 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, விடுபட்டவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் கொடுக்கச் சொன்னது. வழக்குப் போட்டு 34 வருடம். அன்று வழக்குக்காக அலைந்த விவசாயிகளில் எத்தனை பேர் இன்று இருக்கிறார்கள்?

இதற்காகத் தொழிற்பேட்டை என்று தனி இடம் ஒதுக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். ராணிப்பேட்டை சிப்காட் முறையாக ஒதுக்கப்பட்ட இடம்தான். அங்கே 1990களில் மூடிய ஒரு குரோமேட் தொழிற்சாலை, ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவைத் திறந்தவெளியில் குவித்துவிட்டுப் போனது. மனை எல்லைக் கல் மேலேதான் இருக்கிறது, நிலத்தடி நீர் அதைப் பார்த்து நிற்பதில்லை. அதே ராணிப்பேட்டையில் 2015 ஜனவரி 31 அதிகாலை, சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். எதற்குப் பக்கத்தில் எது என்பதும் நிலப் பயன்பாட்டுக் கேள்விதான்.

என் மாணவர்களில் பலர் தோல் கம்பெனிச் சம்பளத்தில் படித்தவர்கள். சிலர் இன்றும் ஷூ கம்பெனியில் நல்ல வேலையில் இருக்கிறார்கள். இன்னும் சிலரின் அப்பாக்கள், கிணறு உப்பானதால் நிலத்தை விட்டவர்கள். இரண்டு பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஆகவே தொழிலைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. எந்தத் தொழிலும் தவறான இடத்தில் வைக்கப்பட்டால், அதன் சம்பளம் ஒரு வீட்டுக்கும் அதன் செலவு இன்னொரு வீட்டுக்கும் போகிறது. அதைத் தடுக்க வேண்டிய சட்டம் பின்னால் வந்தால், கணக்குப் பார்க்கத்தான் முடியும். கிணற்றைத் திருப்பித் தர முடியாது. மணல் கொள்ளையும் மேலே கட்டிய தடுப்பணைகளும் சேர்ந்துகொள்ள, இன்று பாலாற்றங்கரையில் உட்கார்ந்துகொண்டு குழாயில் வரும் காவிரித் தண்ணீரைக் குடிக்கிறோம்.

உங்களில் பலர் வீட்டு மனை வாங்கும் வயதில் இருக்கிறீர்கள். பட்டாவும் வில்லங்கச் சான்றும் பார்ப்பது போலவே, நகர் ஊரமைப்புத் துறையின் முழுமைத் திட்டத்தில் அந்த இடமும் அக்கம்பக்கமும் என்ன வகை என்று பாருங்கள். போர் போட்டிருந்தால் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். நில வகை மாற்றம் பற்றி நாளிதழில் சிறிய எழுத்தில் அறிவிப்பு வரும். ஆட்சேபணை தெரிவிக்க அவகாசமும் கொடுப்பார்கள். பெரிய தொழிற்சாலை வருவதற்கு முன் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும். போய் உட்காருங்கள், எழுந்து கேளுங்கள். கோடு வரைகிற நேரத்தில் பேசினால் ஒரு மனுவோடு முடியும். வரைந்த பிறகு பேசினால் 34 வருடம் ஆகும்.

உங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன். பிழையிருந்தால் திருத்துவேன், பழைய வழக்கம் விடுமா!

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்