ஜிம்னாஸ்டிக்ஸை விட்டாச்சு... டைவிங் போர்டு கூப்பிடுதா?

20 வயதில் முதல்முறையாக டைவிங் கற்க ஆரம்பித்த ஒரு பெண், 29 வயதில் ஒலிம்பிக் பதக்கம் வாங்க முடியுமா? கிறிஸ்டா பால்மர் வாங்கினார்.

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்துக்காரர். சின்ன வயதில் ஜிம்னாஸ்டிக்ஸ், அப்புறம் டிராம்போலின். முழங்கால் காயங்கள் விடாமல் துரத்தின. நெவாடா பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது டைவிங் பக்கம் வந்தார். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 3 மீட்டர் ஸ்பிரிங்போர்டில் வெண்கலம். அந்தப் பிரிவில் அமெரிக்கப் பெண் ஒருவர் தனிநபர் பதக்கம் வாங்கியது 1988-க்குப் பிறகு அதுதான் முதல்முறை!

பதக்கம் வரை போவது அபூர்வம்தான். ஆனால், அவர் வந்த பாதை அபூர்வம் இல்லை. அமெரிக்க ஹைஸ்கூல்களில் ஒன்பதாவது, பத்தாவது படிக்கும்போது கிட்டத்தட்ட இதே மாதிரிதான் பலர் தடம் மாறுகிறார்கள். உயரம் கூடிவிட்டது, கணுக்கால் போய்விட்டது, வாரத்துக்கு 20 மணி நேரப் பயிற்சி அலுத்துவிட்டது என ஆளுக்கொரு காரணம். அங்கே படிக்கும் உங்கள் கசின் யாராவது, ஏன், நீங்களேகூட இந்த இடத்தில் நிற்கலாம். கல்லூரி அணியில் இடம் கிடைக்குமா என்பதுதான் அடுத்த கேள்வி.

கணக்கு உங்கள் பக்கம்தான். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ-வில் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் அணி வைத்திருக்கும் கல்லூரிகள், மூன்று டிவிஷன்களையும் சேர்த்தாலும் நூறைத் தொடாது. ஆண்களுக்கு இன்னும் மோசம், விரல்விட்டு எண்ணிவிடலாம். நீச்சல் - டைவிங் அணிகளோ பல நூறு இருக்கின்றன. டைவர் வாங்கும் புள்ளிகள் நீச்சல் அணியின் கணக்கில்தான் சேரும். அதற்காக நீங்கள் வேகமாக நீந்த வேண்டியதில்லை. குதித்த பிறகு கரைக்கு வந்து சேர்ந்தால் போதும்!

கால் சொல்லும் பொய்

காற்றில் சுழல்வது, உடம்பை விறைப்பாகப் பிடிப்பது, தலைகீழாக இருக்கும்போதும் எது மேல் எது கீழ் என்று தெரிவது... இதையெல்லாம் ஒரு கோச் முதலில் இருந்து சொல்லிக்கொடுக்க வருஷக்கணக்கில் ஆகும். உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. டிராம்போலின், பெல்ட் கட்டிச் செய்யும் தரைப் பயிற்சி எல்லாவற்றிலும் முதல் வாரமே அசத்திவிடுவீர்கள்.

பிரச்னை தண்ணீரில்தான் ஆரம்பிக்கும்.

ஜிம்னாஸ்டிக்ஸில் எத்தனை சுற்று சுற்றினாலும் கடைசியில் காலில்தான் இறங்க வேண்டும். பத்து வருஷமாக உடம்பு அதையே மனப்பாடம் செய்திருக்கிறது. டைவிங்கில் பெரும்பாலும் தலை முதலில் போக வேண்டும். அதாவது ஒரு சுற்று இல்லை, ஒன்றரைச் சுற்று. ஒரு சுற்று முடிந்ததுமே உங்கள் கால் 'தரை வந்தாச்சு, விரி' என்று சொல்லும். அந்தப் பேச்சைக் கேட்டால் தண்ணீர் முதுகிலோ வயிற்றிலோ அறையும். பம்ப்செட் கிணற்றில் டைவ் அடித்து, வயிற்றில் 'சப்'புனு வாங்கியவர்களுக்கு அந்த எரிச்சல் தெரியும். இங்கே அதை 3 மீட்டர் உயரத்திலிருந்து வாங்கணும். அதனால்தான் புதிதாக வருபவர்களுக்கு உடம்பை விரிக்க வேண்டிய நொடியில் கோச் கரையில் நின்று 'அவுட்!' என்று கத்துவார். காலை நம்பாதீங்க, அந்தக் குரலை நம்புங்க.

இரண்டாவது பழக்கம், அவசரம். ஜிம்னாஸ்டிக்ஸ் தரை பட்டென்று தள்ளிவிடும். ஸ்பிரிங்போர்டு அப்படி இல்லை. மெதுவாகக் கீழே வளைந்து, அப்புறம்தான் தூக்கிவிடும். அதுவரை காத்திருக்க வேண்டும். ஜிம்னாஸ்டுகள் போர்டு மேலே வருவதற்கு முன்பே குதித்துவிடுவார்கள். பாதி உயரம் அங்கேயே போச்சு. மூன்றாவது, கை. ஒரு கையால் மறு கையைப் பிடித்து, உள்ளங்கையைத் தட்டையாக வைத்துத் தண்ணீரைக் குத்த வேண்டும். சரியாக அமைந்தால் காகிதம் கிழிகிற மாதிரி ஒரு சத்தம் வரும், தண்ணீர் தெறிக்காது. பார்க்க சுலபம், ஆனால் பழக மாதங்கள் ஆகும்.

பயந்து ஓடி வர்றீங்களா?

இந்த இடத்தில் கொஞ்சம் நேர்மையாகப் பேசிடுவோம். காயத்தாலோ உயரத்தாலோ ஜிம்னாஸ்டிக்ஸை விட்டவர்களுக்கு டைவிங் நல்ல இடம். ஆனால், பின்பக்கம் சுழலும்போது மனசு பூட்டிக்கொண்டு, அந்தப் பயத்தால் விட்டிருந்தால், அதே பயம் இங்கேயும் காத்திருக்கும்.

டைவ்களில் முன்புறம், பின்புறம், ரிவர்ஸ், இன்வர்ட், ட்விஸ்ட் என ஐந்து வகை. 'பிளாட்ஃபார்ம்' என்றால் கைகளில் நின்று ஆரம்பிக்கும் ஆறாவது வகையும் உண்டு. ரிவர்ஸிலும் இன்வர்டிலும் தலை போர்டை நோக்கியே சுழலும். 1988 சியோல் ஒலிம்பிக்கில் கிரெக் லூகானிஸுக்கே ஒரு ரிவர்ஸ் டைவில் மண்டை போர்டில் மோதியது. தையல் போட்டுக்கொண்டு வந்து தங்கம் வென்றார் என்பது வேறு கதை. கல்லூரி அளவில் ஐந்து வகையுமே தெரிந்திருக்க வேண்டும், பிடித்ததை மட்டும் செய்து தப்பிக்க வழியில்லை. 10 மீட்டர் பிளாட்ஃபார்மிலிருந்து தண்ணீரைத் தொடும்போது வேகம் மணிக்கு சுமார் 50 கிலோமீட்டர். மணிக்கட்டும் தோளும்தான் அதை முதலில் வாங்கும். பழைய மணிக்கட்டு வலி இருந்தால் டாக்டரைப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

நேரம் கம்மி

ஹைஸ்கூல் போட்டிகள் 1 மீட்டர் போர்டில் மட்டும்தான். சாதாரணப் போட்டிக்கு 6 டைவ், சாம்பியன்ஷிப்புக்கு 11. கல்லூரியிலோ 3 மீட்டரும் வேண்டும், பெரிய போட்டிகளில் பிளாட்ஃபார்மும் உண்டு. பள்ளி அணியை மட்டும் நம்பினால் போதாது. 3 மீட்டர் போர்டு இருக்கும் கிளப்பில் சேர்வது இங்கே கட்டாயம் என்றே சொல்வேன். பத்தாவது முடிந்த ஜூன் 15-லிருந்து டிவிஷன் 1 கோச்கள் மாணவர்களோடு நேரடியாகப் பேச முடியும். ஒன்பதாவதில் மாறியவருக்கு அதற்குள் ஒன்றிரண்டு சீசன்தான் கிடைத்திருக்கும்.

பதற வேண்டாம். டைவிங் அனுபவம் குறைவு, ஜிம்னாஸ்டிக்ஸ் அனுபவம் அதிகம் என்றால், கோச்கள் அதைக் குறையாகப் பார்ப்பதில்லை, இன்னும் வளர இடம் இருக்கிறது என்றே பார்க்கிறார்கள். டெக்சாஸின் லாரா வில்கின்சன், ஜிம்னாஸ்டிக்ஸை விட்டுவிட்டு 15 வயதுவாக்கில் டைவிங் தொடங்கியபோது, 'புது விளையாட்டுக்கு வயசாயிடுச்சு' என்று சொன்னவர்கள் உண்டு. டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்காக என்.சி.ஏ.ஏ. சாம்பியன் ஆனார். 2000-ல் சிட்னி ஒலிம்பிக்குக்குச் சில மாதங்களுக்கு முன் பயிற்சியில் பாதத்தில் எலும்புகள் உடைந்தன. அதே காலோடு போய் 10 மீட்டர் பிளாட்ஃபார்மில் தங்கம்!

பண விஷயத்தில் கனவு வேண்டாம். டிவிஷன் 1-ல் நீண்டகாலம் பெண்கள் நீச்சல் - டைவிங் அணிக்கு 14, ஆண்கள் அணிக்கு 9.9 முழு உதவித்தொகைதான் வரம்பு. அதையும் பலருக்குத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுப்பார்கள். 2025-26 முதல் விதிகள் மாறி, பல கல்லூரிகளில் உதவித்தொகைக்குப் பதில் அணியின் ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு வந்திருக்கிறது. உதவித்தொகை இல்லாமல் 'வாக்-ஆன்' ஆக நுழைய நினைப்பவர்கள், இடம் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். டிவிஷன் 3-ல் விளையாட்டு உதவித்தொகையே கிடையாது, ஆனால் போர்டும் கோச்சும் உண்டு.

மெயில் அனுப்பும்போது நீச்சல் தலைமைக் கோச்சுக்கு மட்டும் அனுப்பாமல், டைவிங் கோச்சுக்கும் தனியாக அனுப்புங்கள். டைவ் பட்டியல், ஒவ்வொன்றின் கடின அளவு, போட்டி மதிப்பெண், மார்க் ஷீட், ஜிம்னாஸ்டிக்ஸில் எந்த லெவல் வரை போனீர்கள் என்பது, கூடவே சின்ன வீடியோ. நல்லா வந்த டைவ்களோடு, இப்போது கற்றுக்கொண்டிருக்கும், இன்னும் சரியாக வராத ஒரு ரிவர்ஸையும் சேருங்கள். உங்களிடம் என்ன திருத்த வேண்டியிருக்கிறது என்று கோச் பார்ப்பது அதில்தான்.