மழை நாட்டில் ஏடு காத்தோர்

கொழும்பிலிருந்து இரத்தினபுரிக்குச் செல்லும் பெருந்தெருவில், அவிசாவளையைக் கடந்த சிறிது தூரத்தில் எஹலியகொட என்னும் ஊர் வருகின்றது. இறப்பர்த் தோட்டங்களும் இரத்தினக்கற் குழிகளும் வயல்களும் சூழ்ந்த ஊர் அது. சப்பிரகமுவ மாகாணத்தின் இப்பகுதியில் ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழிகின்றது. சுவரிற் பாசி படர்கின்றது. பெட்டகத்தில் மடித்து வைத்த பட்டிலே பூஞ்சணம் பூக்கின்றது. செல்வத்தைத் தருகின்ற அதே ஈரம், ஏட்டையும் மரத்தையும் துணியையும் ஓசையின்றித் தின்றுவிடுகின்றது. இத்தகைய மண்ணிலே சமயத்தின் பழம் பொருள்களும் பதிவுகளும் ஓரளவாயினும் எஞ்சியிருப்பது எவ்வாறு என்பது ஆராயத் தக்கதாகும்.

முதலில் ஏட்டைப் பார்ப்போம். யாழ்ப்பாணத்தார் பனையோலையில் எழுதினர். தென்னிலங்கை விகாரைகளிலே தாளிப்பனையின் ஓலையே பெரிதும் வழங்கிற்று. இளங்குருத்து ஓலையை வாட்டி வேகவைத்து, வெயிலிலும் பனியிலும் உலர்த்தி, வழவழப்பான கமுகந்தண்டின்மீது இழுத்து இழுத்து மெருகேற்றுவர். எழுத்தாணியாற் கீறிய பின்னர், கரித்தூளைப் பிசின் எண்ணெயிற் குழைத்துத் தடவித் துடைப்பர். எழுத்துக் கருமை பெறுதற்காகவே இது செய்யப்படுகின்றது என்று பலர் கருதுவர். அஃது ஒரு பாதியே. அவ்வெண்ணெயின் நெடிக்குப் பூச்சி அண்டாது. ஓலையும் நெகிழ்வு கெடாது. எழுதும் தொழிலும் பேணும் தொழிலும் அக்காலத்தில் ஒருவர் கையிலேயே இருந்தன என்பதற்கு இதுவே சான்று.

ஆயினும் எண்ணெய் எத்தனை காலம் காக்கும்? வறண்ட நாட்டு ஏடுகளுக்கே ஆயுள் குறைவு. 1887ஆம் ஆண்டிலே கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள், ஏட்டைத் தொட்டால் ஓரம் ஒடிவதையும் கட்டை அவிழ்த்தால் இதழ் முறிவதையும் நெஞ்சு நொந்து எழுதியிருக்கின்றார்கள். அங்ஙனமாயின் சப்பிரகமுவையின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை. ஏடு அழியுமுன் மறு ஏடு எழுதுவதே இங்கே ஏட்டைக் காக்கும் வழியாக இருந்தது. படியெடுப்போர் ஒரு தலைமுறை ஓய்ந்தால் ஒரு நூல் போயிற்று.

மழை மட்டுமா பகை? எஹலியகொடவிலிருந்து இரத்தினபுரி நோக்கிச் செல்லும் வழியிலே குருவிட்ட என்னும் ஊர் உண்டு. அதனருகே தெல்கமுவ விகாரை இருக்கின்றது. கோட்டை மன்னன் தருமபாலன் 1557ஆம் ஆண்டளவிற் கிறித்தவ மதந் தழுவிய பின்னர், அங்கிருந்த புத்த பெருமானின் தந்ததாது இவ்விடத்திற்கு மறைவாகக் கொண்டுவரப்பட்டது என்பது வழிவழி வந்த செய்தி. ஹிரிபிட்டிய என்னும் இடத்தைச் சேர்ந்த தியவதன நிலமை ஒருவர் அதனைக் கொணர்ந்தார் என்றும், குரக்கன் அரைக்கும் திரிகைக்குள் அது வைக்கப்பட்டிருந்தது என்றும் கூறுவர். கண்டியில் 1592ஆம் ஆண்டு அரசு கட்டிலேறிய முதலாம் விமலதர்மசூரியன் அதனைத் தன் நகருக்கு எடுத்துச் சென்றான். அத்திரிகை எனப்படும் கல் இன்றும் விகாரையிற் காட்டப்படுகின்றது.

இதனை வெறுங் கதை என்று தள்ளிவிட முடியாது. அதே காலத்தில் நடந்த வேறொரு நிகழ்ச்சியை அருகே வைத்துப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும். 1560ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தின் மீது படையெடுத்த போர்த்துக்கேயர், புனித பல் ஒன்றைக் கைப்பற்றிக் கோவாவுக்குக் கொண்டுசென்றனர். பெகு நாட்டு மன்னன் பெரும்பொருள் தந்து அதனை மீட்க முன்வந்தான். போர்த்துக்கேய மதகுருமாரோ அதற்கு இசையாமல், உரலிலிட்டு இடித்து நெருப்பிலிட்டு அழிக்கச் செய்தனர் என்று அவர்தம் வரலாற்றாசிரியரே எழுதிவைத்துள்ளனர். கோவாவிலே ஒரு கல் உரல் இடித்தது. தெல்கமுவையிலே ஒரு கல் திரிகை காத்தது. பாதுகாப்பு என்பது அந்நாளில் ஒளித்துவைத்தலே. பொன்னும் மணியும் இழைத்த பேழை படைவீரன் கண்ணை ஈர்க்கும். அடுக்களைக் கல்லை எவன் புரட்டிப் பார்ப்பான்?

அழித்தோர் அனைவரும் கடல் கடந்து வந்தவரல்லர் என்பதையும் ஒளிவின்றிச் சொல்லல் வேண்டும். எஹலியகொடவுக்கு அணித்தாய சீதாவாக்கையிலே இருந்து ஆண்டவன் முதலாம் இராஜசிங்கன். இவன் சைவ சமயத்தைச் சார்ந்து, சிவனொளிபாதமலையைச் சைவத் துறவிகளிடம் ஒப்புவித்து, பௌத்த நூல்களை எரிப்பித்தான் எனச் சூளவமிசம் கூறுகின்றது. அந்நூல் பிக்குகளால் எழுதப்பட்டது. ஒவ்வொரு சொல்லையும் அப்படியே கொள்ள வேண்டுமா என்பது வேறு. ஆனால் ஏடு எரிந்த செய்தியைத் தமிழர் மறைக்க வேண்டிய தேவையில்லை. பின்னர் வந்த கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன், 1747 முதல் 1782 வரை கண்டியில் ஆண்டவன், தென்னிந்திய நாயக்கர் குலத்தவன். சைவப் பின்னணியிற் பிறந்தவன். அவனே சிவனொளிபாதமலையைப் பிக்குகளிடம் மீள அளித்தான். பழைய வமிச வரலாறு தன் காலம்வரை தொடர்ந்தெழுதப்படவும் செய்தான். எரித்தவனும் காத்தவனும் ஒரே சமய மரபுக்கு உரியவர்களாதலின், பழியை மதத்தின் மேற் போடுவதற்கு இடமில்லை.

இனி, அம்முதலாம் இராஜசிங்கன் எடுத்த கோயிலின் கதி என்னவாயிற்று? அவிசாவளையருகே சீதாவாக்கை ஆற்றின் கரையில் ‘பெரெண்டி கோவில்’ என்னும் கற்பாழ் ஒன்றுண்டு. பைரவர் கோயில் என்பதே அவ்வாறு திரிந்தது என்பர். நுண்ணிய வேலைப்பாடமைந்த கருங்கல் அடித்தளமும் அரைத்தூண்களுமே எஞ்சியுள்ளன. இதனை அளந்து, விவரித்து, எழுத்தில் வைத்தவர் எச். சி. பி. பெல் என்னும் ஆங்கிலேயர். கேகாலையிலே நீதிபதியாயிருந்த அவர் 1890ஆம் ஆண்டில் இலங்கைத் தொல்பொருளாய்வின் தலைமையை ஏற்றார். 1892ஆம் ஆண்டுக்குரிய அவருடைய கேகாலை மாவட்ட அறிக்கை, விகாரை, தேவாலயம், பாழடைந்த கோட்டை ஆகியவற்றை ஊர் ஊராகப் பதிந்தது. விகாரைகளிலும் வீடுகளிலும் கிடந்த அரசர் தந்த பட்டயங்களையும் அவர் படியெடுத்துச் சேர்த்தார். ஒரு கல்லையும் அவர் புதிதாக்கவில்லை. இருந்ததை இருந்தபடியே எழுதினார். பிற்காலத்திற் கல் பெயர்ந்தாலும் அளவு பெயராது.

அவ்வாறு இருந்தபடியே விடுவதன் அருமையை நன்குணர்ந்தவர் தமிழரான சேர். முத்துக்குமாரசுவாமியின் மைந்தர் ஆனந்த குமாரசுவாமி ஆவார். 1903 முதல் 1906 வரை கனிப்பொருள் ஆய்வுத் தலைவராக இருந்த அவர், கல்லைத் தேடி ஊர்தோறும் சென்று கலையைக் கண்டார். பழைய ஆலயங்கள் பழுதடைவதைக் காட்டிலும், பழுது பார்க்கப்படுவதாலேயே மிகுதியாகக் கெடுகின்றன என்பது அவர் கண்ட உண்மை. 1905ஆம் ஆண்டிலே கண்டிப் பிரதானிகளுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி, முன்னோர் கட்டியவற்றைப் பேணுமாறு வேண்டினார். 1908ஆம் ஆண்டு வெளிவந்த ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் அவருடைய பெருநூலில், சிற்பாசாரியரின் அளவை நூல்களும், புத்த பிரதிமைக்குக் கண் திறக்கும் சடங்கும் இடம்பெற்றுள்ளன. பகைவன் இடித்ததைக் காட்டிலும் பக்தன் புதுக்கியதால் மறைந்தது அதிகம் என்றால் மிகையாகாது.

புதுக்குவதே தவறு என்பது இதன் கருத்தன்று. சோழநாட்டுத் திருக்கோடிகாவலிலே, 10ஆம் நூற்றாண்டிற் செம்பியன் மாதேவியார் பழைய கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தார். அப்பொழுது பழங் கற்களிலிருந்த சாசனங்களைப் படியெடுத்துப் புதிய சுவரில் மீளப் பொறிக்கச் செய்தார். பழைய கல்லின் படி இது என்பதையும் குறிப்பித்தார். கோயில் புதிதாயிற்று, கணக்கு அழியவில்லை. அம்மரபில் வந்த தமிழ்நாட்டிலேயே, மிக அண்மைக் காலத்தில், கருங்கற் சுவர்களை மணல் வீச்சால் வெண்மையாக்கப் புகுந்து கல்வெட்டெழுத்துக்களைத் தேய்த்த கொடுமையும் நேர்ந்தது.

எஹலியகொடப் பகுதித் தோட்டக் கோயில்களுக்கும் இஃது உரிய செய்தியே. மரத்தடியில் நட்ட சூலமும் கல்லுமாகத் தொடங்கி, பின் தகரக் கூரையும், அதன்பின் கோபுரமும் பெற்றவை மலையகத்து மாரியம்மன் கோயில்கள் பல. கும்பாபிடேகத்தின்போது பழைய கல் ஆற்றில் விடப்படுகின்றது. பழைய மரவாகனம் அடுப்பேறுகின்றது. வரிக்கணக்கெழுதிய நோட்டுப் புத்தகம் பழைய கடதாசியோடு போகின்றது. அந்த நோட்டில் இருப்பது என்ன? திருவிழாவுக்குப் பணம் தந்தவரின் பெயரும், தகப்பன் பெயரும், லயத்தின் இலக்கமும், தேதியும்.

1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டத்தின்கீழ், நெடுநாள் இந்நாட்டில் வாழ்ந்தமையை எழுத்தால் நிறுவுமாறு தோட்ட மக்கள் கேட்கப்பட்டனர். எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பொருட்டு விண்ணப்பங்கள் சென்றன. குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பின் பல்லாயிரம் குடும்பங்கள் தலைமன்னாரிற் கப்பலேறின. அவர்கள் கட்டிய கோயில் இங்கே நிற்கின்றது. யார் கட்டியது என்பதைச் சொல்லும் ஏடு அக்கோயிலின் பெட்டியிலன்றி வேறெங்கும் இல்லாமற் போகலாம்.

அதைக் காக்கப் பெருஞ் செலவு வேண்டுவதில்லை. தகரப் பெட்டியை நிலத்தில் வையாது பலகைமேல் வைக்க வேண்டும். இரும்பு ஊசியைக் களைந்து நூலாற் கட்ட வேண்டும். விளக்கெண்ணெய் படும் மூலத்தானத்துக்கு அருகே வைத்தலாகாது. ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து வேறோரிடத்தும் ஒரு படி வைத்தல் இன்று எளிது. சப்பிரகமுவையில் மழை சற்றே ஓயும் காலம் தை, மாசியாகும். தைப்பூசம் கழிந்து பங்குனி இடி முழங்குமுன், நேர்வெயில் படாத காற்றோட்டமான திண்ணையிலே பெட்டியைத் திறந்து, தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து உலர்த்துவதற்கு இரண்டு வாரம் கிடைக்கும்.