செந்நாய்க்கு யார் வில்லன் வேஷம் கொடுத்தது?

போன வாரம் ஒரு ஃப்ரெண்ட் வீடியோ அனுப்பினான். முதுமலை ரோட்டோரம், ஒரு செந்நாய்க் கூட்டம் புள்ளிமானை உயிரோடவே கிழிச்சுத் தின்னுது. "யாராவது ஒரு கல்லையாவது எறியக் கூடாதா?" இதுதான் எனக்கு வந்த முதல் எண்ணம். அப்புறம்தான் உறைச்சது. கிட்டத்தட்ட நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி ஊட்டியில இருந்த துரைமாரும் இப்படித்தான் நினைச்சாங்க. அவங்க கையில இருந்தது துப்பாக்கி, அவ்வளவுதான் வித்தியாசம்.

1877-ல் நீலகிரியில வேட்டைப் பிரியர்கள் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. 1879-ல் நீலகிரிக்குன்னே தனி வேட்டைச் சட்டம் வந்தது. லைசென்ஸ் வேணும், சில மாசங்கள்ல சுடக் கூடாது. கடமானும் வரையாடும் குறைஞ்சுக்கிட்டே வந்த நேரம், அதனால இது நல்ல காரியம்தான், நான் மறுக்கல. ஆனா யாருக்காகக் காப்பாத்தினாங்க? அடுத்த சீசன்ல தாங்களே சுடறதுக்காக! காலங்காலமா அந்தக் காட்டுல வேட்டையாடி வாழ்ந்த பழங்குடி மக்கள் அந்தச் சட்டத்தோட பார்வையில திருடர்கள் ஆயிட்டாங்க. செந்நாயோ போட்டிக்கு வந்த எதிரி. கொன்னு கொண்டு வந்தா பணம் கொடுத்தாங்க.

இதுக்கு அவங்க சொன்ன நியாயம்தான் எனக்குத் தாங்கல. தூரத்துல ஒளிஞ்சு நின்னு சுட்டா அது வீரம், பசிக்குத் துரத்திக் கடிச்சா அது கொடூரமாம்.

நாடு முழுக்க இதே கதைதான். 1875-லிருந்து 1925 வரைக்கும் 80,000 புலிகளுக்கு மேல, ஒன்றரை லட்சம் சிறுத்தைகள், ரெண்டு லட்சம் ஓநாய்கள் கொல்லப்பட்டிருக்கும்னு வரலாற்றாசிரியர் மகேஷ் ரங்கராஜன் கணக்கிடறார்.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் செந்நாயையும் பட்டியல்ல சேர்த்தது. கொஞ்ச வருஷத்துல நம்ம நாங்குநேரிக்காரர் ஏ.ஜே.டி. ஜான்சிங் பந்திப்பூர்ல செந்நாய்க் கூட்டத்துக்குப் பின்னாடியே அலைஞ்சு ஆராய்ச்சி பண்ணினார். துப்பாக்கி இல்லாம ஒருத்தர் அதை உட்கார்ந்து கவனிச்சது எவ்வளவு லேட் பாருங்க! உலகத்துல இனப்பெருக்க வயசுல இருக்கற செந்நாய்கள் 949-லிருந்து 2,215-க்குள்ளதான்னு 2015-ல் ஐ.யூ.சி.என். மதிப்பிட்டது. புலிக்கு இருக்கற ரசிகர் மன்றம் இதுக்குக் கிடையாது.

அந்த வீடியோவை மறுபடியும் போட்டுப் பார்த்தேன். கடைசி அரை நிமிஷத்தை முதல் தடவை நான் பார்க்கவே இல்ல. பெரிய நாய்ங்க கொஞ்சம் ஒதுங்கி நிக்குது. குட்டிங்க உள்ள புகுந்து தின்னுதுங்க.