மலைநாட்டு லயங்களும் அரசாங்கத்தின் பொறுப்பும்

கொழும்புவாழ் தமிழரின் வழக்கிலே "தோட்டம்" என்னுஞ் சொல் இரு பொருளில் வழங்குகின்றது. கொட்டாஞ்சேனையிலும் துறைமுகத்தை அடுத்த பகுதிகளிலும், ஒரு நீர்க்குழாயையும் ஒரு முற்றத்தையும் பொதுவாகக் கொண்டு நெருங்கி நிற்கும் சிறு வீடுகளின் தொகுதி தோட்டம் எனப்படும். மலைநாட்டிலோ தேயிலை பயிராகும் பெருநிலமும், ஆலையும், துரையின் பங்களாவும், தொழிலாளர் வதியும் லயங்களும் யாவுஞ் சேர்ந்ததே தோட்டம். நகரத்துத் தோட்டத்திற் குடியிருந்தோர் பலரும் மலைநாட்டுத் தோட்டத்திற் குடியிருந்தோரும் ஒரே கடலைக் கடந்து வந்தோரின் வழித்தோன்றல்களே. ஆயினும், "இவர்களுடைய வீட்டுக்குப் பொறுப்பாளர் யார்?" என்ற வினாவுக்கு இலங்கைச் சட்டம் நகரத்துக்கு ஒரு விடையும் மலைக்கு வேறொரு விடையும் வகுத்தது. அவ்வேறுபாடு எங்ஙனம் உண்டாயிற்று என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

லயம் தோன்றிய காலம் கோப்பிக் காலம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மலைநாட்டுக் காடுகள் அழிக்கப்பட்டுக் கோப்பி பயிரிடப்பட்டபோது, தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரிற் பெரும்பாலார் அறுவடைப் பருவத்துக்கு வந்து, பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். சில மாதம் தங்குவோருக்கு மழைக்கு ஒதுங்க ஓரிடம் போதுமெனத் துரைமார் கருதினர். ஆகவே, ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பல அறைகளைக் கொண்ட நீண்ட கொட்டில்கள் எழுந்தன. ஓர் அறை ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி; முன்புறம் ஒரு சிறு விறாந்தை; பின்புறம் சாளரமற்ற சுவர், அல்லது முதுகோடு முதுகாக அமைந்த மற்றொரு வரிசை. 1869இற் பரவத் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்தது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தொடக்கிய தேயிலைப் பயிர் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. தேயிலை ஆண்டு முழுவதும் கொழுந்து தரும் பயிராதலால், தொழிலாளரும் ஆண்டு முழுவதும் வேண்டப்பட்டனர். பெண்கள் கொழுந்து கொய்தனர். குழந்தைகள் லயத்திலேயே பிறந்தன. பருவக் கூலிகள் நிலைக்குடிகளாயினர். பருவக் கொட்டில் மாத்திரம் மாறவில்லை. பயிர் மாறியும் வீடு மாறாமை பின்னர் நிகழ்ந்த பலவற்றுக்கும் மூலமாயிற்று என்க.

அரசாங்கம் இம்மக்களை முற்றாக மறந்திருந்தது என்று கூறுதல் பொருந்தாது. தோட்டத்தில் நோயும் மரணமும் மிகுந்தபோது 1872இலும், பின்னர் 1912இலும் மருத்துவ வசதி பற்றிய சட்டங்கள் இயற்றப்பட்டன. ஆனால், அச்சட்டங்களின் நோக்கு, தொழிலாளரைத் தோட்டச் சொந்தக்காரர் பேணவேண்டும், அதனை அரசாங்க உத்தியோகத்தர் மேற்பார்வை செய்யவேண்டும் என்பதே. கொழும்பில் நிகழ்ந்தது வேறு. 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம், ஒளியும் காற்றும் புகாத வீடுகளையும் நெருக்கமான கட்டடங்களையும் பொது நிருவாகத்தின் கவலையாக்கியது. கொட்டாஞ்சேனை முடுக்குகளுக்கு அச்சட்டத்தால் உடனே விடிவு வந்துவிடவில்லை. எனினும் முறையிடுவதற்கு ஒரு மாநகரசபை இருந்தது. லயத்தில் இருந்தவன் முறையிட வேண்டியவர் வீட்டுக்குச் சொந்தக்காரராகிய துரையே. அவரே வேலை கொடுப்பவரும், வேலையிலிருந்து நீக்குபவரும்.

வீடும் வேலையும் ஒரே கையில் இருந்தமையின் விளைவு சிறிதன்று. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குச் செல்லக் கங்காணியின் கடன் தீர்ந்தமைக்குத் "துண்டு" வேண்டியிருந்தது. அம்முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. துண்டு ஒழிந்தபின்னும் லயம் ஒழியவில்லை. வேலை போனால் அன்றே கூரையும் போகும் என்ற அச்சம், துண்டு செய்த வேலையைத் தொடர்ந்து செய்தது. இதனோடு வாக்குரிமைக் கதையும் பிணைந்துள்ளது. 1937இற் கிராமச் சபைகள் பற்றிய சட்டம் திருத்தப்பட்டபோது, தோட்டத்தில் வதிந்த இந்தியத் தொழிலாளர் அச்சபை வாக்குரிமைக்குப் புறம்பே நிறுத்தப்பட்டனர். பாதையும் கிணறும் பற்றித் தீர்மானிக்கும் சபைக்கு அவர்கள் அந்நியரே. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் வந்தபின், 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அவ்வேழு இடங்களும் இல்லாமற் போயின. வாக்கில்லாதவனின் கூரையைப் பற்றி எந்த வேட்பாளர் வாக்குறுதி அளிப்பார்?

இவ்வரலாற்றில் யாவரும் அறிந்திருக்கவேண்டிய நிகழ்ச்சி ஒன்று கேகாலைப் பகுதியில் நிகழ்ந்தது. உந்துகொடைக்கு அணித்தான நேவ்ஸ்மியர் என்னுந் தோட்டத்தை, தமிழர் உருளவள்ளி என வழங்குவர். நிலமற்ற கிராமத்தவருக்குப் பகிர்ந்தளிக்கும் பொருட்டு அரசாங்கம் அதனைச் சுவீகரித்தது. நிலமற்றோருக்கு நிலம் வழங்குதல் நல்ல நோக்கமே. அதனை எவரும் மறுக்கார். ஆனால் அந்நிலத்தில் ஏற்கெனவே குடியிருந்தோரும் நிலமற்றோரே என்பது கணக்கில் எடுக்கப்படவில்லை. லயங்களை விட்டு வெளியேறுமாறு அறிவித்தல் கொடுக்கப்பட்டது. தொழிலாளர் வெளியேற மறுத்தனர். 1946இல் அவர்களுக்கு ஆதரவாகப் பல தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டது. வழக்குகள் குற்றவியல் நீதிமன்றத்துக்குச் சென்றன. தாம் வாழ்ந்த அறையிலேயே தங்கியிருந்தவர்கள்மீது அத்துமீறிக் குடியிருந்தனர் என்ற குற்றம் சாட்டப்பட்டது!

அவர்களுள் ஒரு தொழிலாளரின் வழக்கு மேன்முறையீடாக இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. 1950இல் அம்மன்று அவருக்கு எதிரான தீர்ப்பை நீக்கியது. சட்டப்படி குற்றம் நிலைபெற, நிலச் சொந்தக்காரருக்குத் தொல்லை விளைக்கும் எண்ணம் இருந்திருத்தல் வேண்டும். இவரது முதன்மையான எண்ணமோ தமது வீட்டை விடாதிருத்தலே என்பது நீதிபதிகளின் கருத்தின் சாரம். இத்தீர்ப்பு அவருக்குச் சிறையிலிருந்து விடுதலை அளித்தது; வீட்டில் உரிமை அளிக்கவில்லை. அவ்வுரிமையை வழங்கவல்லது சட்டமன்றமே. இங்கு வீட்டை விட்டு எழுப்ப முயன்றவர் ஆங்கிலத் துரையல்லர். அரசாங்கமே என்பதையும் மறத்தலாகாது. காக்கவேண்டியவரே வழக்காளியின் பக்கத்தில் நின்றனர்.

பிறநாட்டு வரலாற்றிலும் இதற்கு ஒப்புண்டு. கனடாவின் வடபுலத்து ஆதிக்குடிகளாகிய இனுவிட் மக்களின் துயர்தீர்க்கும் செலவு யாரைச் சார்ந்தது என்று கியூபெக் மாகாணமும் மத்திய அரசாங்கமும் பிணக்குற்றன. 1939இல் அந்நாட்டு உயர்நீதிமன்றம், 1867ஆம் ஆண்டின் அரசமைப்பில் வரும் "இந்தியர்" என்ற சொல் இனுவிட் மக்களையும் உள்ளடக்கும். ஆகவே அவர்கள் மத்திய அரசாங்கத்தின் அதிகாரத்துக்குள் அடங்குவர் என்று விளக்கியது. பொறுப்பாளர் இன்னார் என்று தெளிந்தபின்னும் வீடுகள் எழப் பல ஆண்டுகள் சென்றன. ஆயினும், கேட்கவேண்டிய வாயில் எதுவெனத் தெரிந்தது. இலங்கைத் தோட்டத் தொழிலாளருக்கு அத்துணைத் தெளிவும் கிட்டவில்லை.

நகரத்துக்கும் மலைக்கும் இடையிலான வேற்றுமை 1970களின் தொடக்கத்தில் மிகத் துலக்கமாகப் புலப்படுகின்றது. கொழும்பு வாடகைக் குடிகளுக்கு 1942 முதலே வாடகைக் கட்டுப்பாட்டின் காப்பு இருந்தது. 1973ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க வீட்டு உச்சவரம்புச் சட்டத்தால், ஒருவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளின் தொகை வரையறுக்கப்பட்டு, மிகுதி வீடுகள் அரசின் கைக்கு வந்தன. கொட்டாஞ்சேனையிலும் பிறவிடங்களிலும் தலைமுறையாக வாடகை இறுத்த குடும்பங்கள் பல, தாம் இருந்த வீட்டுக்குத் தாமே உரியவராகும் வழி திறந்தது. அதற்கு இரண்டாண்டு முன்னர், 1971ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தோட்டக் குடியிருப்புச் சட்டம் நிறைவேறியிருந்தது. வேலை நீங்கிய தொழிலாளரிடமிருந்து குடியிருப்பை மீட்டுக்கொள்ளத் தோட்ட நிருவாகத்துக்கு அது வழி வகுத்தது. ஒரே நாடு; ஒரே பாராளுமன்றம். வெள்ளவத்தையில் வாடகைக்கு இருந்தவர் உரித்தாளராகும் தறுவாயில், நுவரெலியாவில் இருந்தவர் வெளியேற்றப்படுவது எளிதாக்கப்பட்டது. (கொழும்பு ஏழைகளின் நிலை பின்னர் இன்பமயமாயிற்று என்று எவரும் எண்ணற்க. 2010இன் பின் நகரப் புனரமைப்பின் பெயரால் பல தோட்டத்துக் குடும்பங்கள் அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டமை தனியே ஆராயத் தக்கது.)

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. துரையும் அரசாங்கமும் இனி ஒருவரே; ஆகவே பொறுப்பு யாருடையது என்ற ஐயம் நீங்கியிருக்க வேண்டும். நீங்கவில்லை. அரசாங்கம் துரையின் நாற்காலியில் அமர்ந்து துரையாகவே நடந்தது. 1992இல் நிருவாகம் மீண்டுந் தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டபோது நிலைமை முன்னிலும் சிக்கலாயிற்று. நிலம் அரசுக்குரியது, நீண்டகாலக் குத்தகை கம்பனிகளுக்குரியது, குடியிருப்பு நலத்தைக் கவனிக்க அவ்வாண்டிலேயே ஒரு நம்பிக்கைப் பொறுப்பு நிறுவனமும் அமைந்தது. லயத்துக் கூரை ஒழுகினால் மூன்று வாயில்கள் உண்டு; மூன்றிலும் மற்றவ்விரண்டைச் சுட்டும் விரலே நீளும்.

நான்காவது வாயில் சட்டத்தாலேயே அடைக்கப்பட்டிருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடத் தடையாய் நின்றது. 1988ஆம், 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களாற் பிரசாவுரிமை பெற்று, சபைத் தேர்தலில் வாக்களித்து, உறுப்பினராகவும் அமர்ந்தவர், தம் லயத்துக்குச் செல்லும் பாதைக்குச் சபைப் பணத்தில் கல் பரப்ப இயலாதிருந்தார். இத்தடை 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தாலேயே நீங்கியது.

இதற்கிடையில் 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. அவ்விடம் குடியிருப்புக்கு ஏற்றதன்று, மக்களை அகற்றவேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அகற்றுவது யார், மாற்று நிலம் தருவது யார் என்பது முடிவாகாமலே ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. மாற்று வீடுகள் 2016இல், புதையுண்டவர்க்குப் பின் எஞ்சியோருக்கு, வழங்கப்பட்டன.

அண்மைக்காலத்தில் 7 பேர்ச் நிலத்தில் தனி வீடு என்னுந் திட்டம் மலைநாட்டில் நடைமுறைக்கு வந்தது. இந்திய அரசாங்கத்தின் உதவியுடன் 4,000 வீடுகளும், 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த மேலும் 10,000 வீடுகளும் அதிற் சேரும். செங்கல்லும் சீமெந்தும் வந்தன. ஆயின் எழுந்த வீடுகளுக்கெல்லாம் உரிய காலத்தில் உறுதி வந்து சேரவில்லை. உறுதியில்லாத வீட்டை வங்கி ஈடாக ஏற்பதில்லை; தந்தை மகனுக்கு எழுதிவைக்கவும் இயலாது. தபாற்காரர் கடிதத்தை வீட்டுவாசலில் தருவதா, தோட்டக் கந்தோரில் விட்டுச் செல்வதா என்பதும்கூட அந்த உறுதியோடு தொடர்புடையதே.