நீரிற் பிறந்த நெருப்பு: கிரக்கற்றோவாவும் நமது கீழ்க்கரையும்

கொக்கிளாய்க் கடனீரேரியை அண்டி வாழ்வோர் எரிமலையைக் கண்டவரல்லர். மிகத் தொன்மையான உருமாறிய பாறைகளாலான இலங்கைத் தீவில் உயிருள்ள எரிமலை ஒன்றேனும் இல்லை. தெற்கேயுள்ள கன்னியா வெந்நீர்க் கிணறுகளின் வெம்மையும் எரிமலை தந்ததன்று. பாறைப் பிளவுகளின் வழியே ஆழத்திற் சென்ற மழைநீர், நிலத்தின் உள்வெப்பத்தாற் சூடேறி மீள்வதன் விளைவே அது. ஆயினும், இக்கரையின் வரலாற்றை எரிமலையினின்றும் முற்றாகப் பிரித்துவிட முடியாது.

1883 ஆகஸ்ட் 27 ஆம் நாள், சுந்தா நீரிணையிலுள்ள கிரக்கற்றோவா வெடித்துச் சிதறியது. 36,000 பேருக்கு மேல் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பன்று; கடலலையே. கொக்கிளாயிலிருந்து அம்மலை ஏறத்தாழ 3,200 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. எனினும் அதன் வெடியோசை இலங்கையிலும் கேட்டது. அன்று பிற்பகல் காலித் துறைமுகத்திற் கடல் பின்வாங்கிப் பின் பெருகியது. கீழ்க்கரையிற் பாணமையில் ஒரு பெண் அலையால் உயிரிழந்ததாகப் பதிவுண்டு. செப்டெம்பரில் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் ஞாயிறு பச்சை நிறமாய்த் தோன்றிற்று.

இத்துணை வலிமை எங்கிருந்து பிறந்தது? கடல்நீர் உட்புகுந்து ஆவியானதே காரணம் எனப் பலர் கருதினர். 1888 இல் இலண்டன் றோயல் சொசைற்றி வெளியிட்ட அறிக்கையில் ஜட் என்னும் புவிச்சரிதவியலாளர் வேறு விளக்கம் தந்தார். கடல்நீர் பாறைக்குழம்பின் மேற்பரப்பைக் குளிர்வித்து மூடியிட்டது. உள்ளே அடைபட்ட ஆவியே பின்னர் அம்மூடியைத் தகர்த்தது என்பது அவர் கொள்கை.

பாறைக்குழம்பிற் கரைந்துள்ள நீரே முதன்மையான உந்துவிசை என்பதை இன்றைய ஆய்வும் ஏற்கிறது. ஆழத்தின் அழுத்தம் அந்நீரைக் கரைந்த நிலையில் வைத்திருக்கும். குழம்பு மேலெழ அழுத்தம் குறையும். நீர் குமிழிகளாய்ப் பிரிந்து விரியும். குழம்பு நுரைத்துச் சிதறும். நுரைக்கல்லிலுள்ள எண்ணற்ற துளைகள் இதற்குச் சான்றாகும். புறத்திலிருந்து கடல்நீர் கலக்குமாயின் வெடிப்பு மேலும் உக்கிரமடையலாம். ஒரு லீற்றர் நீர் கொதித்து ஆவியாகும்போது, சாதாரண வளியமுக்கத்தில் ஏறத்தாழ 1,700 லீற்றராக விரிகின்றது. 2022 சனவரி 15 இல் தொங்காத் தீவுகளருகே கடலடி எரிமலை வெடித்தபோதும் இவ்வாற்றலை உலகம் கண்டது.

2004 டிசெம்பர் 26 இல் முல்லைத்தீவுக் கரையை அழித்த ஆழிப்பேரலை நிலநடுக்கத்தால் விளைந்தது. ஆனால், 2018 டிசெம்பர் 22 இல் அனக் கிரக்கற்றோவாவின் ஒருபக்கம் கடலிற் சரிந்தெழுந்த அலையோ, நிலநடுக்கத்தையே நோக்கியிருந்த எச்சரிக்கை முறையின் கண்ணிற் படாது நானூற்றுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. நிலம் அதிராமலும் பேரலை வரக்கூடும். 1883 நமது கரைக்கு விட்டுச்சென்ற பாடம் இதுவே.