தாயிடம் திரும்புதல்



நான்காம் ஆண்டு வகுப்பில் ஒருநாள், "விடுதலை என்றால் என்ன?" என்று வினவினேன். "பள்ளி முடிந்து மணி அடிப்பது, ஐயா" என்றான் ஒரு மாணவன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பின்னர் சிந்தித்தபோது, பண்டைய மக்களும் விடுதலைக்கு ஒரே பொருளைக் கொள்ளவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

கி.மு. 2400 அளவில், இன்றைய ஈராக்கின் தென்பகுதியிலிருந்த லகாசு நகரை என்மெட்டேனா என்னும் மன்னன் ஆண்டான். அக்காலத்தில் கடனைத் தீர்க்க இயலாதோர் தம் பிள்ளைகளையே அடிமைப்பணிக்கு அனுப்ப நேர்ந்தது. தானியக் கடன்களை நீக்கி, பிள்ளையைத் தாயிடமும் தாயைப் பிள்ளையிடமும் சேர்த்ததாக அம்மன்னன் பொறித்து வைத்தான். இத்தகைய விடுதலையைச் சுமேரியர் 'அமர்கி' என்றனர். 'தாயிடம் திரும்புதல்' என்பதே அச்சொல்லின் நேர்ப்பொருள்.

ஏதென்சு நகரில் கி.மு. 594-இல் சோலோன், கடனுக்காகக் குடிமக்களை அடிமையாக்குவதைத் தடைசெய்தார். ஆயினும், அவ்விடுதலை குடிமக்களோடு நின்றுவிட்டது. அயலார் பலர் லௌரியன் வெள்ளிச் சுரங்கங்களில் அடிமைகளாய் உழன்றனர். கி.மு. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த பேரறிஞர் அரிசுட்டாட்டிலோ, சிலர் இயல்பிலேயே அடிமைகள் என்று வாதிட்டார்.

அக்கூற்றைத் தம் வாழ்வாலேயே பொய்யாக்கியவர் எபிக்டெட்டசு. இன்றைய துருக்கியில் கி.பி. 50 அளவில் அடிமையாகப் பிறந்தவர். அவருடைய பெயருக்கே 'ஈட்டப்பட்டவன்' என்பதுதான் பொருள். ரோமாபுரியில் அடிமையாயிருந்து விடுதலை பெற்று, பின்னர் கிரேக்க நாட்டின் நிக்கோபோலிசு நகரில் பள்ளி நடத்தினார். உடலைப் பிறர் கட்டலாம். நம் தீர்மானத்தை எவராலும் கட்ட இயலாது என்பதே அவர் கற்பித்த விடுதலை.

உயர்ந்த கருத்துதான். ஆனால், விலங்கு பூண்டவர் இதைச் சொன்னால் அது வீரம். விலங்கு பூட்டியவர் சொன்னால் அது ஏமாற்று. அகவிடுதலையை மட்டும் போற்றினால், கடனுக்காகப் பிரிக்கப்பட்ட பிள்ளை வீடு திரும்புவது எப்படி? ஆகவே, பிள்ளைகளுக்கு இரண்டையும் சேர்த்தே கற்பிப்போம்.

அம்மாணவனின் விடையும் தவறன்று. மணி அடித்ததும் அவன் ஓடுவது, பள்ளி வாசலில் காத்திருக்கும் தாயிடம்தானே!